நூறு கோடி வசூல் செய்த படத்தில் நான் இழந்த 1 கோடியே 23 லட்சம்

போன வாரம் சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, பெரிய ஹீரோ படம் ஒண்ணு வருது. நம்ம டி.டி. ஏரியா, அதான் திருச்சி தஞ்சாவூர் உரிமை, இன்னும் யாருக்கும் போகலையாம். எடுக்கலாமான்னு பார்க்கிறேன். நீங்க ஒரு தடவை படம் வாங்கி விநியோகம் பண்ணினீங்கல்ல, சொல்லுங்க" என்றான். ஒன்றரை மணி நேரம் பேசினேன். போனை வைத்ததும் மனைவி, "இவ்வளவையும் அன்னைக்கு உங்களுக்கு ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அன்றைக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்கிற நிலையில் இருந்தேனா என்பது வேறு விஷயம். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். படத்தின் பெயர், நடிகர் பெயர், கம்பெனி பெயர் எதுவும் வேண்டாம். அவர்கள் யாரும் என்னைக் கழுத்தைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை.

எனக்குக் கும்பகோணத்தில் ஹார்டுவேர்ஸ் கடை. இருபது வருஷத்துக்கு மேலாக சிமென்ட், கம்பி, பெயின்ட் என்று ஓடுகிற வாழ்க்கை. சினிமா என்றால் சின்ன வயசிலிருந்தே கிறுக்கு. முதல் நாள் முதல் காட்சி பார்க்காமல் விட்ட படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைக்கு அடிக்கடி வந்துபோகிற ஒருவர் சினிமா வட்டாரத்தில் ஏரியா பேசி முடித்துக் கொடுப்பவர். அவர்தான் ஒரு நாள் டீ குடிக்கும்போது ஆரம்பித்தார். "அண்ணே, சிமென்ட்ல மூட்டைக்கு எவ்வளவு நிக்கும் உங்களுக்கு? இங்க வெள்ளிக்கிழமை போட்டா திங்கக்கிழமை எடுத்துரலாம்." வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் போட்ட பணம் வந்துவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எந்தத் தாளில் போட்டார் என்றுகூட ஞாபகம் இருக்கிறது. எங்கள் கடை பில் புத்தகத்தின் பின்பக்கம்.

புதிதாகக் கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டைச் சினிமா வியாபாரத்துக்காக ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை நகரம் தனி, செங்கல்பட்டு தனி, வடாற்காடு தென்னாற்காடு ஒன்று, கோவை, சேலம், மதுரை ராமநாதபுரம், திருநெல்வேலி கன்னியாகுமரி, அப்புறம் எங்கள் திருச்சி தஞ்சாவூர். இதைத்தான் டி.டி. என்பார்கள். இந்த ஏரியாவில் ஒரு படத்தைத் திரையிடும் உரிமையை வாங்குகிறவர்தான் விநியோகஸ்தர். வாங்குகிற விதம் நாலைந்து உண்டு. அவுட்ரேட் என்றால் மொத்தமாக விலை பேசி வாங்கிவிடுவது, லாபமோ நஷ்டமோ வாங்கினவன் பாடு. எம்.ஜி. என்கிற மினிமம் கியாரண்டி என்றால், பேசின தொகையை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். அந்தத் தொகை, செலவு, நம் கமிஷன் எல்லாம் எடுத்த பிறகு மேலே வருகிற பணத்தை, அதாவது ஓவர்ஃப்ளோவை, தயாரிப்பாளரோடு பிரித்துக்கொள்ள வேண்டும். திரும்பக் கிடைக்கிற அட்வான்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் வசூல் குறைந்தால் மிச்சப் பணத்தைத் தயாரிப்பாளர் திருப்பித் தரவேண்டும். கடைசியாக வெறும் கமிஷன் முறை. அவர் படத்தை நாம் ஊர் ஊராகப் போட்டுக் கொடுத்து வசூலித்து, அதில் ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்வது.

நான் வாங்கியது எம்.ஜி.யில். "பெரிய படம் அண்ணே, வேற எந்த முறையிலும் தரமாட்டாங்க" என்றார் நடுவிலே இருந்தவர். அது உண்மைதான். ஆனால் அதன் அர்த்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. நஷ்டம் வந்தால் முழுசும் என்னுடையது, லாபம் ஒரு அளவைத் தாண்டினால் தயாரிப்பாளருக்கும் பங்கு. இப்படி ஒரு ஒப்பந்தத்தைச் சிமென்ட் கம்பெனி என் முன்னால் நீட்டியிருந்தால் கடையை விட்டே விரட்டியிருப்பேன். சினிமா என்றதும் கையெழுத்துப் போட்டேன். கூடவே இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. 2002-ல் 'பாபா' சரியாகப் போகாதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் இல்லையா, அந்தக் கதையை எனக்கு மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். இருபது வருஷம் கழித்தும் அந்த ஒன்றையே உதாரணமாகச் சொல்கிறார்களே, அப்படியென்றால் அது எவ்வளவு அபூர்வமாக நடக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

விலை 2 கோடியே 40 லட்சம். அதற்கு மேல் 18% ஜி.எஸ்.டி., 43 லட்சத்து 20 ஆயிரம். போஸ்டர், ஃப்ளெக்ஸ், லோக்கல் கேபிள் விளம்பரம், தியேட்டருக்கு டிஜிட்டலில் படம் அனுப்புகிற கம்பெனிக்கான கட்டணம், தியேட்டர்களில் டிக்கெட் கணக்குப் பார்க்க நாம் அனுப்பும் ஆட்களான ரெப்களின் பேட்டா எல்லாம் சேர்த்து 14 லட்சம். ஆக 2 கோடியே 97 லட்சத்துச் சொச்சம். இதில் தியேட்டர்காரர்கள் கொடுத்த அட்வான்ஸ் 1 கோடியே 10 லட்சம். என்னுடைய சேமிப்பு, மனைவி நகை, மச்சான் பெயரில் இருந்த ஒரு மனையை வைத்து வாங்கியது எல்லாமாக 1 கோடியே 7 லட்சம். மிச்சம் 80 லட்சத்தைத் திருச்சியில் ஒரு ஃபைனான்சியரிடம் மூன்று வட்டிக்கு வாங்கினேன். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 2 லட்சத்து 40 ஆயிரம். "திங்கக்கிழமை எடுத்துரலாம்" என்றபோது இந்த வட்டி ஒரு வட்டியாகவே தெரியவில்லை. ஒரு மாசம்தானே என்று நினைத்தேன்.

இங்கே நிறுத்தி ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இதைக் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின ராத்திரி போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. எனக்கு 58 ஸ்கிரீன் கிடைத்தது. சராசரியாக 350 சீட், நாலு காட்சி, டிக்கெட் சராசரி 110 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காட்சியும் அரங்கு நிறைந்தால் ஒரு நாளைக்கு என் ஏரியாவில் மொத்த வசூல் 89 லட்சம். அதற்கு மேல் ஒரு பைசா வராது, சீட்டே இல்லை. இதில் வரி, தியேட்டர் பங்கு எல்லாம் போய் என் கைக்கு வருவது பாதிக்கும் கொஞ்சம் குறைவு, 48% என்று வையுங்கள். எம்.ஜி.யும் செலவும் சேர்ந்து எனக்குத் திரும்ப வேண்டியது 2 கோடியே 54 லட்சம். அதற்கு ஏரியா வசூல் 5 கோடியே 30 லட்சம் ஆகவேண்டும். அதாவது 58 தியேட்டரிலும், எல்லாக் காட்சியும், ஆறு நாள் முழுசாக ஹவுஸ்ஃபுல் ஆனால்தான் போட்ட பணமே திரும்பும். திங்களும் செவ்வாயும் மத்தியானக் காட்சிகூட நிறைய வேண்டும். மன்னார்குடியிலும் அரியலூரிலும் வேலை நாள் மத்தியானக் காட்சிக்கு யார் வருகிறார்கள் என்று ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தாலும் போதும். பில் புத்தகத்தின் பின்பக்கம் போட்ட கணக்கில் இது எதுவும் இல்லை. அவர் மொத்த வசூலை என் விலையோடு ஒப்பிட்டுக் காட்டினார், நான் தலையாட்டினேன்.

ஒரு டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். மல்டிபிளெக்ஸில் அடிப்படை விலை 150 ரூபாய் என்றால், உள்ளாட்சிக் கேளிக்கை வரி அப்போது தமிழ்ப் படத்துக்கு 8%, அதோடு 18% ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து ரசிகர் கொடுப்பது 190 ரூபாய்க்குப் பக்கத்தில். போஸ்டரில் 'வசூல்' என்று போடுவது இந்த 190-ஐ. இதுதான் கிராஸ். வரி போன பிறகு நிற்கிற 150 நெட். இதில் விநியோகஸ்தருக்கு முதல் வாரம் 60% என்று பேசியிருந்தால் 90 ரூபாய். அதுதான் ஷேர். 190 எங்கே, 90 எங்கே! சின்ன ஊர் தனித் திரையரங்குகளில் பெரிய படத்துக்கு முதல் வாரம் 70% வரைகூடப் பேசலாம். ஆனால் அங்கே டிக்கெட் விலையே குறைவு. வாரம் ஏற ஏற நம் பங்கு குறைந்து தியேட்டர் பங்கு கூடும். அதனால் நாலு வாரம் ஓடினால் நாலு மடங்கு வரும் என்று நினைத்துவிடக் கூடாது. கேன்டீன், பார்க்கிங் எல்லாம் முழுக்கத் தியேட்டருக்கு. ஒரு தியேட்டர் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார், "சார், படம் உங்களுது, பாப்கார்ன் எங்களுது." படம் சுமாராகப் போனாலும் அவருக்குக் கையில் ஏதோ நிற்கும்.

ரிலீசுக்கு முந்தின ராத்திரி. இப்போது பெட்டியில் ரீல் வருவதில்லை, ஹார்டு டிஸ்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ படம் முன்னாலேயே தியேட்டரில் ஏறிவிடும். ஆனால் அதைத் திறக்கிற சாவி, கே.டி.எம். என்பார்கள், தனியாக வரவேண்டும். எந்தத் தியேட்டரில், எந்த சர்வரில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பூட்டின சாவி. தயாரிப்பாளர் தன் ஃபைனான்சியர்களுக்குக் கணக்கை முடித்து, அவர்கள் 'க்ளியரன்ஸ்' கொடுத்தால்தான் சாவி வரும். இந்தப் படத்துக்கு ராத்திரி ஒன்றரை மணி வரை வரவில்லை. தியேட்டர்காரர்கள் மாற்றி மாற்றிப் போன். ஒருவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்த பையன்கள், "அண்ணே படம் வருமா வராதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நடுவில் இருந்தவர் போனை எடுக்கவில்லை. பிறகு அவர் குரல் மட்டும் வந்தது: "இன்னும் 8 லட்சம் குறையுதாம், ஏரியாக்காரங்க எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போடுறாங்க, நீங்க ஒரு ரெண்டு போடுங்க." ராத்திரி ஒன்றரை மணிக்கு யாரிடம் போய் இரண்டு லட்சம் கேட்பது? கடையில் மறுநாள் லோடுக்கு வைத்திருந்த பணம் இருந்தது. கொடுத்தேன். எந்தத் தாளிலும் எழுதி வாங்கவில்லை. அந்த இரண்டு லட்சத்தை நான் நஷ்டக் கணக்கில்கூடச் சேர்ப்பதில்லை, அது என் முட்டாள்தனத்துக்குக் கொடுத்த ஃபீஸ். விநியோக ஒப்பந்தம் போடும்போதே, சாவி எத்தனை மணிக்குள் வரவேண்டும், வராவிட்டால் என்ன, கடைசி நேரத்தில் கூடுதலாக ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு எவனுக்கும் பேரம் பேசத் தெம்பு இருக்காது.

தமிழ்நாட்டில் 2023-லிருந்து முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளாவிலும் கர்நாடகாவிலும் அதற்கு முன்பே, விடியற்காலையிலேயே போட்டுவிடுகிறார்கள். அதனால் எங்கள் ஊரில் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும்போதே பாலக்காட்டிலும் பெங்களூரிலும் பார்த்துவிட்டவன், "முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி இழுவை" என்று எழுதிவிட்டான். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பையன் இன்னொரு கையில் போனில் அதைப் படித்துக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்தேன். பாலை ஊற்றி முடித்துவிட்டுத்தான் போனைப் பையில் வைத்தான், அந்த மரியாதைக்காக அவனுக்கு ஒரு கும்பிடு. முதல் நாள் 78 லட்சம். சனி 61, ஞாயிறு 64. மூன்று நாளில் 2 கோடியைத் தாண்டியது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மாமியார் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தார். நடுவிலே இருந்தவர், "சொன்னேன்ல அண்ணே" என்றார். நானும் அந்த மூன்று நாள் ராஜா மாதிரி தியேட்டர் தியேட்டராகப் போய் வந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த மூன்று நாள் என்று இப்போதும் சொல்வேன், பொய் சொல்ல விரும்பவில்லை.

திங்கட்கிழமை 16 லட்சம். இதைத்தான் சினிமாக்காரர்கள் 'மன்டே டெஸ்ட்' என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை 64 இருந்த இடத்தில் 16. அன்றைக்குச் சாயங்காலக் காட்சிக்கு ஒரு சின்ன ஊர் தியேட்டருக்குப் போனேன். முன் வரிசையில் எட்டுப் பேர், நடுவில் ஒரு குடும்பம், பின்னால் ஜோடிகள், மொத்தம் 43 பேர். இரண்டு தடவை எண்ணினேன். இடைவேளையில் மேனேஜர் டி.சி.ஆர். நோட்டை என் பக்கம் தள்ளினார். தினசரி வசூல் அறிக்கை, காட்சிவாரியாக எத்தனை டிக்கெட், எந்த வகுப்பு என்று எழுதுவது. "செவ்வாய் மத்தியானம் காட்சி வேண்டாம் சார், கரண்டு பில்லுக்கே வராது" என்றார். செவ்வாய் 13, புதன் 11, வியாழன் 9. முதல் வாரம் 2 கோடியே 52 லட்சம், அதில் 2 கோடியே 3 லட்சம் முதல் மூன்று நாளில் வந்தது. படம் உண்மையிலேயே ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள முதல் நாள் வசூலைக் கேட்காதீர்கள். அது நடிகரின் வசூல். திங்கட்கிழமை, வெள்ளிக்கிழமையில் பாதியாவது நின்றால் அது படத்தின் வசூல். பெரிய லாபம் தருகிற படங்கள் எல்லாம் இந்தத் திங்கட்கிழமையில்தான் பிறக்கின்றன. குடும்பம் குடும்பமாக இரண்டாவது வாரம் வருவார்கள், கேட்காமலேயே தியேட்டர்காரர் காட்சியைக் கூட்டுவார்.

இரண்டாவது வாரம் 78 லட்சம், மூன்றாவது வாரம் 25 லட்சம். நாலாவது வாரம் ஓ.டி.டி.யில் வரப்போகிறது என்று விளம்பரம் வந்ததும் மிச்சமிருந்த தியேட்டர்களும் படத்தை எடுத்துவிட்டன. ஆக மொத்த வசூல் 3 கோடியே 55 லட்சம். வரி போக 2 கோடியே 90 லட்சம் போல. என் ஷேர் 1 கோடியே 70 லட்சம்.

ஷேர் கணக்கு தீர்ப்பதும் லேசான காரியம் இல்லை. முதல் நாள் ரசிகர் காட்சிக்கு டிக்கெட் ஐந்நூறு, அறுநூறு என்று வெளியே போனது ஊருக்கே தெரியும். டி.சி.ஆரில் இருப்பது அரசு விலைதான். நடுவில் இருக்கிற பணம் யார் கைக்குப் போனது என்று நான் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் நேராகப் பதில் சொன்னதில்லை. ஒரு தியேட்டருக்கு அக்கா மகனை ரெப்பாக அனுப்பினேன். அவன் கதவுக்குப் பக்கத்தில் நின்று தலை எண்ணினான், 261. அன்றைய அறிக்கையில் 212. கேட்டபோது, "பாஸ், ஸ்டாஃப் குடும்பம், ரசிகர் மன்றம்" என்றார்கள். 49 பேர் பாஸா? சண்டை போட்டு 30 டிக்கெட்டுக்குக் கணக்குக் கொண்டுவந்தான் பையன். எல்லாத் தியேட்டருக்கும் அக்கா மகன் கிடைப்பானா? ஆன்லைன் புக்கிங் அதிகமாக உள்ள, கம்ப்யூட்டர் டிக்கெட் போடுகிற தியேட்டர்களில் இந்தத் தலைவலி குறைவு. கையால் எழுதுகிற இடத்துக்கு ரெப்புக்கு ஆகும் பேட்டாவைக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ரெப் அந்த ஊர்க்காரனாக இருக்கக் கூடாது, இது எனக்கு ஒரு பழைய விநியோகஸ்தர் பின்னால் சொன்னது.

நஷ்டத்தின் முழு உருவம் எனக்குத் தெரிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. 2 கோடியே 54 லட்சத்தில் 1 கோடியே 70 லட்சம் போக 84 லட்சம் நேரடியாகப் போச்சு. ஃபைனான்சியர் பணத்தை ஒரு மாசத்தில் திருப்புவதாகச் சொன்னவன் பதினொரு மாசம் இழுத்தேன். மாதம் 2 லட்சத்து 40 ஆயிரம் வீதம் வட்டி மட்டும் 26 லட்சத்து 40 ஆயிரம். அப்புறம் யாரும் எச்சரிக்காத ஒன்று, ஜி.எஸ்.டி. நான் எம்.ஜி. மேல் கட்டியது 43 லட்சத்து 20 ஆயிரம். தியேட்டர்களிடம் ஷேர் மேல் நான் வசூலிக்கிற 18% வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொன்னார், சரி. ஆனால் ஷேர் 1 கோடியே 70 லட்சத்தோடு நின்றதால் வசூலித்த வரி 30 லட்சத்து 60 ஆயிரம்தான். மிச்சம் 12 லட்சத்து 60 ஆயிரம் போர்ட்டலில் கிரெடிட்டாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பணமாக எடுக்க முடியாது. இன்னொரு படம் வாங்கி விநியோகித்தால் அதில் கழிக்கலாம்! படம் விநியோகிப்பதற்கென்றே நான் ஒரு புது நிறுவனம் திறந்திருந்தேன், அதன் ஜி.எஸ்.டி. எண் வேறு, கடையின் எண் வேறு. அதே எண்ணில் செய்திருந்தால் சிமென்ட் வியாபாரத்தில் கழித்திருக்கலாம். படத்தில் நஷ்டம் வந்தால் வரியிலும் நஷ்டம் வரும் என்பதை ஆடிட்டரிடம் முதல் நாளே கேளுங்கள். மொத்தம் 1 கோடியே 23 லட்சம். இரண்டு தியேட்டர் தரவேண்டிய 7 லட்சம் பாக்கி இதில் சேராது, அது வராது என்றே வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில்தான் பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் வந்தது. உலகம் முழுக்க 100 கோடி வசூல். வெற்றி விழா, இயக்குநருக்குக் கார் பரிசு. எனக்கு வந்த கோபம் கொஞ்சம்நஞ்சமில்லை. அந்த விளம்பரத்தைக் கிழித்து எறிந்தேன், பிறகு மனைவியே அதை ஒட்டிப் பார்த்துவிட்டு, "இது பொய்யாங்க?" என்று கேட்டாள். பொய் என்று சொல்ல முடியவில்லை. கிராஸ் கணக்கில் அது உண்மையாகவே இருக்கலாம். தயாரிப்பாளருக்கு லாபமும் உண்மைதான். அவர் படத்தை வெளியிடுவதற்கு முன்பே ஓ.டி.டி. உரிமை, சாட்டிலைட் (டி.வி.) உரிமை, ஹிந்தி டப்பிங், ஆடியோ, வெளிநாடு என்று ஒவ்வொன்றாக விற்றுவிட்டார். இவற்றோடு ஏரியா எம்.ஜி.க்களும் சேர்ந்து பட்ஜெட்டைத் தாண்டினால் அது டேபிள் பிராஃபிட். முதல் டிக்கெட் விற்பதற்கு முன்பே அவர் லாபத்தில். தியேட்டரில் படம் ஓடுவதும் ஓடாததும் என்னைப் போல எம்.ஜி. கொடுத்தவன் தலைவலி. அவருடைய டேபிள் பிராஃபிட்டில் என் 2 கோடியே 40 லட்சமும் இருந்தது. பிளாக்பஸ்டர் எப்படி லாபம் ஈட்டுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் அதை விற்ற விலையில் ஈட்டுகிறது. வாங்கியவன் லாபம் பார்ப்பதும் வாங்கிய விலையில்தான். அதே படத்தை நான் 1 கோடியே 50 லட்சத்துக்கு வாங்கியிருந்தால், இதே தியேட்டர், இதே 43 பேர், இதே இழுவையான இரண்டாம் பாதி, எனக்கு லாபம். மறுபக்கம், 2014 டிசம்பரில் வந்த 'லிங்கா'வுக்கு விநியோகஸ்தர்கள் நஷ்டஈடு கேட்டுப் போராடியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அவ்வளவு பெரிய நடிகரின் படத்துக்கே அப்படி. நடிகர் எவ்வளவு பெரியவரோ அந்த அளவுக்கு விலையும் ஏறிவிடுகிறது.

நானும் தயாரிப்பு அலுவலகத்துக்கு மூன்று தடவை சென்னைக்குப் போனேன். முதல் தடவை நாலு மணி நேரம் உட்கார வைத்து, சார் ஷூட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். இரண்டாம் தடவை காபி கொடுத்தார்கள். மூன்றாம் தடவை, அடுத்த படத்தில் 20 லட்சம் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். அந்த 20 லட்சத்தைப் பெற இன்னொரு இரண்டு கோடி போடவேண்டும். பஸ்ஸில் திரும்பி வரும்போது விழுப்புரம் தாண்டும்வரை அதைப் பற்றி யோசித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை விட்டவன் விட்டதைப் பிடிக்க அடுத்ததில் இறங்குவதுதான் இந்தத் தொழிலில் நிறையப் பேரை முடித்திருக்கிறது. மச்சான் மனையை விற்றோம், கும்பகோணத்தில் நான் வாடகைக்கு விட்டிருந்த ஒரு வீட்டையும் விற்று ஃபைனான்சியரை முடித்தேன். மச்சான் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. ரிலீசுக்கு அடித்த ஃப்ளெக்ஸ்கள் மட்டும் கைவசம் நிறைய மிச்சம். மழைக்காலத்தில் வெளியே இருக்கிற சிமென்ட் மூட்டைகளை அந்த நடிகர்தான் மூடிக்கொண்டிருக்கிறார், நல்ல கனமான ஃப்ளெக்ஸ்.

தம்பிக்குச் சொன்னது இதுதான். ஆசையாக இருந்தால் முதல் படத்தைக் கமிஷனில் எடு, கையில் பணம் போடாமல் ஒரு வருஷம் டி.சி.ஆர். படிக்கக் கற்றுக்கொள். எம்.ஜி.தான் வேண்டும் என்றால், அந்த நடிகரின் கடைசி மூன்று படம் டி.டி.யில் எவ்வளவு ஷேர் பண்ணியது என்று கேள். கிராஸ் வேண்டாம், போஸ்டர் வேண்டாம், ட்விட்டர் வேண்டவே வேண்டாம், தியேட்டர்வாரியான ஷேர். மூன்றில் குறைந்ததை எடுத்து, அதிலிருந்து செலவைக் கழித்து, அதற்குள் விலை வந்தால் பேசு. வட்டிக்கு வாங்கிய பணம் ஒரு ரூபாய்கூட அதில் இருக்கக் கூடாது. ஓ.டி.டி.யில் எத்தனையாவது வாரம் வரும் என்று தேதி போட்டு எழுதி வாங்கு. அதே தேதிக்கு வேறு பெரிய படம் வந்தால் உனக்கு எத்தனை ஸ்கிரீன் நிற்கும் என்று தியேட்டர்காரர்களிடமே நேரில் போய்க் கேள், போனில் எல்லாரும் "உங்களுக்குத்தான் சார்" என்பார்கள். தியேட்டரிடம் வாங்குகிற அட்வான்ஸ் திருப்பித் தரவேண்டியதா, நம்மிடமே நிற்கிற பணமா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தெளிவு பண்ணு. நான் அதைப் பண்ணாததால் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கின மறுநாளே ஒன்பது பேர் கடை வாசலில் வந்து நின்றார்கள், பெயின்ட் வாங்க வந்த ஆட்களுக்கு முன்னால்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிண்ணே, அந்த மூணு படத்தோட ஷேர் மட்டும் கேட்டுப் பார்க்கிறேன்" என்றான். கேட்டிருக்கிறான். அதுவரை தினமும் மூன்று தடவை போன் பண்ணிக்கொண்டிருந்த ஏரியா பேசுகிறவர், அதற்கப்புறம் நாலு நாளாகப் பேசவே இல்லையாம்.